ஃபுட்பால் வரும் வரை

கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் கருப்புசாமியின் மோட்டார் வைண்டிங் கடை இருக்கிறது. கை சுத்தம், வேலை சுத்தம். ஆனால் மோட்டாரை இறக்கி வைத்துவிட்டு, "எப்பக் கிடைக்கும்?" என்று மட்டும் அவனிடம் கேட்கக் கூடாது. "தெரியாதுங்க" என்பான். கரும்பு காய்கிறது, கிணற்றில் தண்ணீர் சும்மா கிடக்கிறது, வந்தவன் கண் கலங்கி நிற்கிறான். ஒரு நாளைச் சொன்னால் நிம்மதியாகப் போய்ச் சாப்பிடுவான். கருப்புசாமி சொல்ல மாட்டான். "ஆச்சுன்னா ஆள் அனுப்பறேனுங்க. நாள் மட்டும் கேக்காதீங்க." இதற்காகவே அவனைத் திட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. திட்டிவிட்டு மறுபடியும் அவனிடமே வருகிறார்கள், அது வேறு விஷயம்.

நான் மின்சார வாரியத்தில் ஓவர்சியர். சொந்த ஊர் பக்கத்திலேயே இருக்கிற சித்தூர். போன வருஷம்தான் மூணாறு மலையிலிருந்து மாற்றலாகி ஊர்ப் பக்கம் வந்தேன். வந்த நாளிலிருந்து அவனைப் பற்றிப் புகார் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. இவர்களுக்கு என்ன தெரியும்? நாள் சொல்வதில் கருப்புசாமியை மிஞ்ச ஆளில்லை என்றிருந்த ஒரு காலம் உண்டு. அந்தப் பழக்கத்தை அவன் தொலைத்தது என் கண்ணெதிரே, சித்திரபுரத்தில், எங்கள் கிளப் ஹாலில். அது எழுபத்தேழாம் வருஷம், சித்திரை மாதம்.

கருப்புசாமி எருத்தேன்பதிக்காரன். கடலைக்காயும் கரும்பும் போடுகிற குடும்பம். அண்ணன் ஏரைப் பிடித்துக்கொண்டான். இவனுக்கு ரேடியோவைப் பிரித்துப் போட்டு மறுபடி சேர்ப்பதில்தான் உயிர். ஒரு நாள் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கோயம்புத்தூருக்குப் போய், 'பொன்வானம் டெலி-கேம்ஸ்' என்ற கம்பெனியில் சேர்ந்தான். கம்பெனி என்றால் ஒரு மாடி அறை, ஒரு மேனேஜர், ஒரு டெலிபோன், சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த சில பெட்டிகள். அந்தப் பெட்டியை டி.வி.யில் மாட்டினால் திரையில் ஆட்டம் வரும். டி.வி. நிலையம் எட்டாத ஊரிலும் வரும். டி.வி.யையே பார்த்திராத மலைக்குக் கொண்டுபோனால் கூட்டம் அள்ளும் என்பது மேனேஜரின் கணக்கு.

கருப்புசாமி ஊரில் தன்னை டி.வி. எஞ்சினீயர் என்று சொல்லிக்கொண்டான். அதைக் கேட்டுத்தான் வேலந்தாவளத்துக் கந்தப்பன், நாலு கிணறு உள்ள பெரிய விவசாயி, தன் மகள் பழனாத்தாளைக் கொடுக்கச் சம்மதித்தார். வைகாசியில் முகூர்த்தம் வைத்தாயிற்று. அதோடு விட்டானா? கல்யாணம் முடிந்த கையோடு மாமனார் வீட்டுக்கு ஒரு டி.வி. வந்து இறங்கும் என்றும் சொல்லி வைத்தான். கம்பெனிக் காற்று அதற்குள் அடித்துவிட்டது, வேறென்ன சொல்வது.

சித்திரபுரத்துக்கு அவனுக்கு முன்னால் அவனுடைய போஸ்டர்கள் வந்தன. நல்ல கலர். நடுவில் ஒருவன் பந்தைக் காற்றில் உதைக்கிறான், வயிற்றுச் சதை தெரிகிறது. மேலே, 'உங்கள் எஸ்டேட் டீமே பெட்டிக்குள் ஆடும்!' கீழே, 'உட்கார்ந்த இடத்திலேயே ஃபுட்பால்!' மூலையில் ஒரு புலி பாய்கிறது, அதன் அடியில் 'வேட்டை: விரைவில்'. எங்கள் வாரியக் குடியிருப்பில்தான் தடையில்லாத கரண்டும் பெரிய ஹாலும் இருந்தன. கிளப்புக்குச் செயலாளர் நான். ஒரு மாதத்துக்கு ஹாலைக் கொடுத்தேன். 'இருபத்தெட்டு' என்ற எங்கள் சீட்டாட்டம் ஒரு மாதம் நிற்கும், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

மலையில் ஃபுட்பால் என்றால் ஜனங்களுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஒவ்வொரு தேயிலை எஸ்டேட்டுக்கும் ஒரு டீம். சரிவை வெட்டிச் சமப்படுத்திய கிரவுண்ட் கீழே இருக்கும், தொழிலாளர்களின் லயத்து வீடுகள் மேலே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரு கோல் விழுந்தால் அடுத்த ஞாயிறு வரை கொழுந்துக் காட்டில் அதே பேச்சு. இப்படிப்பட்ட ஜனங்களிடம் போய் உங்கள் டீமே பெட்டிக்குள் ஆடும் என்றால் என்ன ஆகும்? மாதப் பாஸ் கங்காணிகள் கையால் லயம் லயமாக விற்றுத் தீர்ந்தது. கடைசியில் பஸ் கண்டக்டர் முதல் டீக்கடைக்காரர் வரை பாஸ் இல்லாத ஆளே ரோட்டில் இல்லை.

முதல் ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே சூரியநெல்லிப் பக்கத்து எஸ்டேட் லாரி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து ஒரு டீமே இறங்கியது. பதினொரு பேரும் ஜெர்சி போட்டிருந்தார்கள். பூட்ஸ் பளபளத்தது, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார்கள், ஒருவன் பந்தைக்கூடக் கொண்டுவந்திருந்தான். மூணாறு ஸ்டூடியோவில் போட்டோக்காரர் ஆளைப் பெட்டிக்குள் பிடித்துக்கொள்கிறார் அல்லவா? இந்தப் பெட்டியும் முதலில் டீமைப் பிடித்துக்கொள்ளும், பிறகு ஆட விடும் என்பது அவர்கள் முடிவு. போஸ்டரில் எழுதியதை எழுதியபடியே எடுத்துக்கொண்டார்கள், அதில் என்ன தப்பு?

கேப்டன் சூசையப்பன், தொழிற்சங்கத்திலும் முன்னணியில் நிற்கிற ஆள். அவன் ஒரு பெரியவரைக் கைத்தாங்கலாக இறக்கினான். அவர் மிக்கேல்ராஜ். ஒரு காலத்தில் அந்த எஸ்டேட் டீமின் கோலி, கோல் காக்கிறவர். ஃபாக்டரி ரோலரில் வலது கால் மாட்டியதிலிருந்து ஆபீஸ் வாசலில் காவல் வேலை. கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலேயே ஃபுட்பால் என்ற வரியைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர் என்பதை யாரும் சொல்லாமலே நான் புரிந்துகொண்டேன்.

கருப்புசாமி தான் கொண்டுவந்த டி.வி.யில் பெட்டியை மாட்டிச் சுவிட்சைப் போட்டான். கறுப்புத் திரை. நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு வெள்ளைக் குச்சிகள். ஒரு புள்ளி வந்து குச்சியில் பட்டு, டொக் என்று திரும்பிப் போனது.

ஹால் நிறைய ஜனம் மூச்சுக் காட்டாமல் பார்த்தது. எனக்கே வியப்பாக இருந்தது, இவ்வளவு பொறுமையா என்று. பிறகு பின்னாலிருந்து ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னது கேட்டது.

"இப்பத்தான கோடு போடுதான். ஆளுக வருவாவ, இரு."

அவர்கள் மேட்ச் தொடங்கக் காத்துக்கொண்டிருந்தார்கள். கருப்புசாமிக்கு வியர்த்தது. இரண்டு கையாலும் இரண்டு திருகுகளைத் திருகிக்கொண்டே, "இதானுங்க ஃபுட்பால்" என்றான்.

"எது?" என்றான் சூசையப்பன்.

"இந்தக் குச்சிதானுங்க ஆளுங்க."

"எந்த எஸ்டேட் ஆளு வே இது? இவ்வளவு ஒல்லியா இருக்கான்?"

ஹால் சிரித்தது.  பதினொரு பேரும் எழுந்து நின்றார்கள். அப்போதாவது அந்தப் பயல் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். அவனுக்கு மேனேஜர் சொல்லிக்கொடுத்த பாடம் வேறு. கையைக் கூப்பிக்கொண்டு சொன்னான்.

"கோவிச்சுக்காதீங்க. முழு டீமும் இன்னொரு பெட்டியில வருதுங்க. அடுத்த வாரம் கண்டிப்பா வந்துருமுங்க."

"அடுத்த வாரமா? சரி. வரட்டும். அதுவரைக்கும் நாங்க இருக்கோம். நீயும் இரு" என்றான் சூசையப்பன்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால் புரியாது. அவசரநிலை அப்போதுதான் முடிந்திருந்தது. கொடி பிடிக்க முடியாமல் இருந்த கைகளுக்கு அரிப்பு. மலையில் ஒரு கோரிக்கை நிறைவேறவில்லை என்றால் எஸ்டேட் மேனேஜரைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள், கெரோ என்று பெயர். அடிக்க மாட்டார்கள், வைய மாட்டார்கள். பேசித் தீரும் வரை அவரும் நகரக் கூடாது, இவர்களும் நகர மாட்டார்கள். அந்தச் சட்டத்தை அப்படியே பொன்வானம் கம்பெனிக்கும் போட்டார்கள். பாஸ் காசைத் திருப்பித் தரச் சொல்லலாமே என்று நான் கேட்டேன். "காசு யாருக்கு வேணும் சார்? ஃபுட்பால் வேணும்" என்றான் சூசையப்பன். அன்று சாயங்காலமே ஒரு கமிட்டி அமைத்துக் காவலுக்கு முறை போட்டுவிட்டார்கள்.

இப்படித்தான் கருப்புசாமி என் ஹாலில் மாட்டிக்கொண்டான்.

அவனுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்பதுதான் கொடுமை. பெஞ்சுகளைச் சேர்த்துப் படுக்கை போட்டுக் கொடுத்தார்கள். எஸ்டேட் கம்பளி இரண்டு வந்தது. காலையில் பாலில்லாத கட்டஞ்சாயா, மதியம் சோறு, ஞாயிறானால் மாட்டுக் கறி. அவன் வீட்டில் மாட்டுக்குப் பொங்கல் வைத்துக் கும்பிடுகிற வழக்கம், கறியைத் தொட மாட்டான் என்று தெரிந்ததும் அவனுக்கென்று தனியாக முட்டை அவித்தார்கள். குளிக்கப் போனால் கூடவே ஒருவர் போய், சோப்பு டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். போலீசில் சொல்லலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை, பூட்டவில்லை, முட்டை கொடுக்கிறார்கள். என்னவென்று புகார் எழுதுவது? ஓடிப் போகலாம் என்றால் இருப்பது ஒரே ரோடு, ரோட்டில் இருக்கிறவர்கள் எல்லோரும் பாஸ் வாங்கியவர்கள்.

தபாலாபீசுக்குப் போய் டிரங்க் கால் போட அவனை விட்டார்கள், இரண்டு காவலோடு. நானும் ஒரு நாள் கூடப் போனேன். மேனேஜரின் குரல் கத்தாமலே வெளியே கேட்டது. "சமாளிப்பா. அடுத்த வாரம் அனுப்பறேன்னு சொல்லு. ஃபுட்பாலோட கிரிக்கெட்டும் சேத்து வருதுன்னு சொல்லு." கருப்புசாமி போனை வைத்துவிட்டுத் திரும்பி, காவலுக்கு வந்தவர்களிடம், "அடுத்த வாரமுங்க" என்றான். வார்த்தை தானாக வந்து விழுந்தது. எனக்கு அவனைப் பளாரென்று அறையத் தோன்றியது.

அடுத்த வாரம் வந்தது. பெட்டி வரவில்லை. அதற்கடுத்த வாரமும் அப்படியே. தினமும் மேலே ஏறி வருகிற பஸ்ஸின் கூரையைப் பார்ப்பது சித்திரபுரத்துக்கு ஒரு வேலையாகிவிட்டது. கூரையில் கோழிக்கூடை வரும், வாழைத்தார் வரும், ஒரு நாள் கட்டில் வந்தது.

இருக்கிற பெட்டியிலாவது ஆடிப் பார்க்கலாமே என்று சில இளவட்டங்களுக்கு ஆசை. கமிட்டி விடவில்லை. அதைத் தொட்டால் அதை ஃபுட்பால் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், சமரம், அதாவது போராட்டம், உடைந்துபோகும் என்றார்கள். எனவே மலையிலேயே முதன்முதலாக வந்த அந்த அதிசயப் பெட்டியில் ஆடுவதற்குக் கருப்புசாமியைத் தவிர ஆளில்லை. பகல் முழுக்க அவனே இடது கையால் ஒரு பக்கமும் வலது கையால் ஒரு பக்கமும் ஆடுவான். ஆபீசுக்குப் போகும்போதும் வரும்போதும் ஜன்னல் வழியாக டொக், டொக் என்று கேட்கும். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் தோற்றவன் அவன்தான்.

நான் சித்தூர்க்காரன் என்று தெரிந்த பிறகு என்னைப் பிடித்துக்கொண்டான். ஒரு நாள் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து சொன்னான்.

"சாருங்க, எனக்கு வைகாசியில கண்ணாலமுங்க. ரெண்டு வாரம் கூட இல்லீங்க."

"அட மடையா, இதை அவர்களிடம் சொல்வதற்கென்ன?"

"சொன்னா நம்புவாங்களாங்க?"

சொன்னான். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, "எனக்கு அடுத்த வாரம் கண்ணாலமுங்க, நான் போகோணுமுங்க" என்றான்.  ஹாலே அதிர்ந்தது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"அடுத்த வாரமா? புலி கூட அடுத்த வாரம்தான வருது!"

"பத்திரிகை இருக்கா தம்பி?" என்று ஒருவர் கேட்டார்.

"ஊர்ல அடிச்சிருப்பாங்க. தபால்ல வருமுங்க."

"அதுவும் வருதாக்கும்!"

நான் எழுந்து அவனுக்காகப் பேசினேன். சூசையப்பன் மரியாதையாகத்தான் பதில் சொன்னான். "சார், நீங்க ஹாலை வாடகைக்கு விட்ட ஆளு. கம்பெனிப் பக்கம்தான பேசுவீய." உட்கார்ந்தேன். கருப்புசாமியின் முகத்தை அன்று பார்க்கச் சகிக்கவில்லை. வாழ்க்கையில் அவன் சொன்ன ஒரே உண்மை, அவனுடைய பழைய பொய்களோடு சேர்ந்து அடிபட்டுப் போயிற்று. யாரைக் குறை சொல்வது?

வார நாள்களில் பகல் காவல் பெரும்பாலும் மிக்கேல்ராஜுடையது. சித்திரபுரத்தில் அவருடைய தங்கை வீடு இருந்தது, லீவு போட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். வாசலுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டு, கட்டையைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். அதிகம் பேச மாட்டார். மழைக்கு முந்தின மூட்டம் கவிந்த ஒரு பிற்பகலில், நான் அங்கே இருந்தபோதுதான், அவர் உள்ளே பார்த்துக் கேட்டார்.

"கல்யாணம் நெசமா, தம்பி?"

"நெசமுங்கண்ணா."

"பொண்ணு பேரு என்ன?"

"பழனாத்தாளுங்க." சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டான்.

மிக்கேல்ராஜ் கட்டையை ஊன்றி எழுந்தார். உள்ளே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து, "அதைக் குடு இங்க" என்று ஒரு திருகை வாங்கினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கமிட்டிக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? அவர் திருகினார். அவருடைய பக்கத்துக் குச்சிகள் இரண்டும் மேலே போயின, கீழே வந்தன.

"இது முன்னால போவாதா?"

"போகாதுங்கண்ணா."

"பின்னால?"

"அதுவும் போகாதுங்க. மேல, கீழ, அவ்வளவுதானுங்க."

"நம்ம பொழப்பு மாதிரி" என்றார். கொஞ்ச நேரம் ஆடினார். புள்ளி அவர் பக்கம் வந்தபோதெல்லாம் சரியாக அந்தப் பின்குச்சியைக் கொண்டுபோய் நிறுத்தினார். ஒன்றுகூட உள்ளே விழவில்லை.

"கால் போன பெறகு நான் கிரவுண்டுக்கு எறங்குறதில்ல. லயத்து வாசல்ல நின்னு மேல இருந்து பாப்பேன். மேல இருந்து பாத்தா ஆளு இப்படித்தான் தெரிவான், குச்சி மாதிரி. பின்னால நிக்கான்ல, அவன் கோலி. கோலிக்கு முன்னால ஏது, பின்னால ஏது? கோட்டுலயேதான கெடக்கணும்." திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "ஆளே இல்லன்னு நம்மாளுக கத்துதானுக. கோலி இருக்கான்."

கருப்புசாமிக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும் ஏதோ ஆயிற்று என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. அந்த மனுஷன் எதிர்பார்த்து வந்தது இதையல்ல. வந்த இடத்தில் இருந்ததை அவரே முயன்று ஃபுட்பாலாக ஆக்கிக்கொண்டார். கம்பெனி அதற்குக்கூட ஒன்றும் செய்யவில்லை.

கல்யாணம் திங்கட்கிழமை விடியலில். அதற்கு முந்தின சனிக்கிழமை பஸ் கூரையிலிருந்து ஒரு பெரிய பார்சல் இறங்கியது. மேலே 'பொன்வானம்' என்று சிவப்பில் அச்சடித்திருந்தது. ஊரே ஓடி வந்தது. டீக்கடைக்காரர் அதைத் தன் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். கருப்புசாமி அதைத் தடவித் தடவிப் பார்த்தான். மேனேஜர் கைவிடவில்லை என்று என்னிடம் சொல்லிச் சிரித்தான், அத்தனை நாளில் அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். உடனே பிரிக்கலாம் என்றான். கமிட்டி ஒத்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தது, எல்லோர் முன்னிலையிலும்தான் பிரிக்க வேண்டும்.

ஞாயிறு காலை ஹாலில் நிற்க இடமில்லை. டீம் மறுபடியும் ஜெர்சியில் வந்திருந்தது. சூசையப்பன் கயிற்றை அறுத்துக் காகிதத்தைப் பிரித்தான். உள்ளே சுருள் சுருளாகப் போஸ்டர்கள். ஒன்றை விரித்தான். ராக்கெட் ஒன்று நிலாவைப் பார்த்துப் பறந்துகொண்டிருந்தது. 'சந்திர மண்டல யுத்தம்: விரைவில்.'

அட்டைப் பெட்டியின் அடிவரை தேடினார்கள். போஸ்டரைத் தவிர ஒன்றும் இல்லை.

"இவன் இங்கயே கெடந்து சாகட்டும்" என்று யாரோ கத்தினார்கள். அதுவரை முட்டை அவித்துக் கொடுத்த பெண்மணிதான் என்று நினைக்கிறேன். கூட்டம் நெருங்கியது. அப்போது முதல் பெஞ்சில் கட்டை தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது. மிக்கேல்ராஜ் எழுந்து நின்றார்.

"நா அந்தப் பெட்டியில ஆடிப் பாத்தேன். அது ஃபுட்பால்தான். ஃபுட்பால் வந்தா இவனை விட்டுருவோம்னு சொன்னோம். வந்தாச்சு, விடுங்க."

இரண்டு நாள் முன்பு அவர் தனக்காகச் சொல்லிக்கொண்டது வேறு. இப்போது ஊர் முன்னால் சாட்சியாகச் சொல்வது வேறு. அது அவருக்கும் தெரியும், குரலில் தெரிந்தது. ஹாலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. சமரத்தை உடைத்ததற்காக அவரை என்ன வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். பின்வரிசையில் ஒருவன் கேட்டது இதைத்தான்.

"காலோட கண்ணும் போயிட்டா, பெரியாளு?"

சிலர் சிரித்தார்கள். மிக்கேல்ராஜ் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கருப்புசாமியைப் பார்த்தேன். அவனுக்கு இதைவிட நல்ல வழி கிடைக்காது. பேசாமல் நின்றால் போதும், பெரியவரின் பேச்சுக்கு இன்னும் மதிப்பிருந்தது, கொஞ்சம் சலசலத்துவிட்டு விட்டுவிடுவார்கள். மத்தியானப் பஸ்ஸைப் பிடித்தால் மறையூர் வழியாக இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி என்று மாறி, விடிவதற்குள் பந்தலில் இருக்கலாம். வாயைத் திறக்காதேடா என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

அவன் வாயைத் திறந்தான்.

"இல்லீங்க. இது ஃபுட்பால் இல்லீங்க. அண்ணன் எனக்காகச் சொல்றாருங்க. இன்னொரு பெட்டி கிடையாதுங்க. புலி கிடையாது, ஒண்ணும் கிடையாதுங்க. வராதுங்க. அடுத்த வாரமும் வராது, எப்பவும் வராதுங்க. நேத்துப் பார்சலப் பாத்து நானே கொஞ்சம் நம்பிட்டனுங்க, ஆனா எனக்கு மொதல் நாளே தெரியுமுங்க."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அடி விழும் என்று நினைத்திருப்பான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒன்றும் விழவில்லை. சூசையப்பன் போஸ்டரைச் சுருட்டிக் கீழே வைத்துவிட்டு அவனருகே போனான்.

"வராதா?"

"வராதுங்க."

"இதை மொத நாளே சொல்லிருந்தா மொத நாளே விட்டிருப்போமேடா" என்றான் சூசையப்பன். கோபமே இல்லை, அலுத்துப் போன குரல். "நீ என்ன முதலாளியா? எங்கள மாதிரி வேலக்காரன். முடியாதுன்னு சொல்லிருந்தா நாங்க கோயம்புத்தூருக்குப் போயி ஒங்க முதலாளியச் சுத்தி உக்காந்திருப்போம். நீதான வரும் வரும்னு சொன்ன. வரும்னு சொல்லுத ஆள எப்படி விட முடியும்?"

 கருப்புசாமி தரையில் உட்கார்ந்துவிட்டான். இத்தனை வாரம் வாசலில் காவல் நின்றது தன்னுடைய 'அடுத்த வாரம்'தான் என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

"கல்யாணமாவது நெசமா?" என்றான் சூசையப்பன்.

"நெசமுங்க. நாளைக்கு விடியக் காலமுங்க."

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அவனைக் காவல் காத்த அதே கூட்டம் அவனைக் கிளப்பிவிட ஆலாய்ப் பறந்தது. பஸ்ஸெல்லாம் சரிப்படாது என்று எஸ்டேட் லாரியிலேயே ஏற்றினார்கள். ஒரு பெண் அவன் சட்டையை அவசரமாகத் தேய்த்துக் கொண்டுவந்தாள். பெட்டியும் டி.வி.யும் கமிட்டி கைக்குப் போயின. மிக்கேல்ராஜ் மட்டும் பெஞ்சிலிருந்து எழவில்லை. லாரி கிளம்புமுன் கருப்புசாமி ஓடி வந்து அவர் காலைத் தொட்டான். "போ, போ. மணியாவுது" என்றார். பின்வரிசையில் அவரைக் கேலி செய்தவன் இரண்டு தடவை அவர் பக்கம் வந்து, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனதைப் பார்த்தேன்.

மீதிக் கதையைக் கருப்புசாமி போன மாதம் கடையில் வைத்து எனக்குச் சொன்னான். எனக்குச் சாயா வாங்கி வந்தது பழனாத்தாள். எனவே தாலி கட்டினான் என்பது உங்களுக்கு இப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் அது நடந்த விதம் வேறு.

இருட்டு பிரியும் நேரத்தில் வேலந்தாவளம் போய்ச் சேர்ந்தானாம். பந்தலில் சொந்தம் முழுவதும் கூடியிருந்தது. மாப்பிள்ளையைக் காணோம் என்ற கலக்கம் தீர்ந்த சந்தோஷத்தில் மாமனார் கந்தப்பன் அவன் தோளைப் பிடித்து எல்லோரிடமும் காட்டினார். "எங்க மாப்பிள்ளைங்க. டி.வி. எஞ்சினீயருங்க." சீர்க்காரர்கள், பங்காளிகள், பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் எல்லோரும் அவனைச் சுற்றி நின்றார்கள். வீட்டுக்குள்ளே டி.வி. வைப்பதற்கென்று சுவரில் ஒரு மாடம்கூடக் கட்டி, வெள்ளையடித்து வைத்திருந்தார்கள். கந்தப்பன் மாலையைச் சரிசெய்துகொண்டே கேட்டார்.

"டி.வி. எப்பங்க மாப்பிள்ளை வரும்?"

அடுத்த வாரம் என்று சொல்ல வாய் வந்ததாம்.

"வராதுங்க மாமா. நான் எஞ்சினீயரும் இல்லீங்க" என்றானாம்.

மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் வழியிலேயே நின்றார்கள். கந்தப்பன் மாலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். சுற்றி நின்ற யாரும் நகரவில்லை, அவனுக்கும் நகர இடமில்லை.

"எவ்வளவு நேரம் அப்படி நின்றாய்?" என்று கேட்டேன்.

கருப்புசாமி கையிலிருந்த செம்புக் கம்பியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான்.

"தெரியாதுங்க சார். சித்திரபுரத்துல இருந்ததெல்லாம் சேத்தாலும் அவ்வளவு நேரம் இருக்காதுங்க." பிறகு சாயா டம்ளரை எடுத்துக்கொண்டு போகிற மனைவியைக் காட்டினான். "அப்புறம் இவதான் அந்தக் கூட்டத்துக்குள்ள வந்து, அவங்கப்பன்கிட்ட, அந்த மாடத்துல வெளக்கு வெச்சுக்கலாமுங்கன்னு சொன்னா. அதுக்கப்புறந்தானுங்க என்னை விட்டாங்க."